சமன்பாடு எழுதும் முன் வாக்கியத்தைப் படிக்கட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள்களை அறிவியல் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். வினையை வாக்கியமாகக் கொடுத்து அதற்குச் சமன்பாடு எழுதச் சொன்ன கேள்வியில்தான் நிறையப் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். குறியீடு தெரிகிறது, இணைதிறன் (ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் திறன்) தெரிகிறது, சமன் செய்யவும் வருகிறது. வாக்கியத்தை நிதானமாகப் படிக்காததுதான் குறை. இதில் நீங்கள் உதவலாம். அதற்கு உங்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டால் ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது" என்று ஒரு கேள்வி. 'நீர்த்த' என்றால் நீர் கலந்து செறிவு குறைத்த அமிலம் என்றுதான் பொருள்; ஆனால் சிலர் நீரையும் வினைபடுபொருளாக்கி, அதாவது வினையில் சேரும் பொருளாக்கி, இடப்பக்கம் எழுதிவிட்டார்கள். வேறு சிலர் வலப்பக்கம் ஹைட்ரஜனோடு நிறுத்திக்கொண்டார்கள். துத்தநாகமும் குளோரினும் எங்கே போயின என்று தங்களையே கேட்டிருந்தால், துத்தநாகக் குளோரைடு தானாக வந்திருக்கும். கேள்வி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மெக்னீசியம் நாடா காற்றில் எரிகிறது என்றால், முக்கியமாக வினைபுரிவது ஆக்சிஜன் என்பதைப் பிள்ளைதான் கண்டுகொள்ள வேண்டும். சுண்ணாம்புக்கல்லைச் சூடுபடுத்தினால் என்று வந்தால், வெப்பம் ஒரு பொருளல்ல. அதன் இடம் அம்புக்குறியின் மேலே. வினையை வேகப்படுத்தும் வினையூக்கிக்கும் அதே இடம்தான்.

வீட்டில் கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எவை சேர்கின்றன, எவை உண்டாகின்றன என்று கேளுங்கள். குறியீட்டுக்குப் போகாமல், பதிலைப் பெயர்களாலேயே ஒரு வரியில் எழுதட்டும்:

துத்தநாகம் + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → துத்தநாகக் குளோரைடு + ஹைட்ரஜன்

இந்த வரி சரியாக அமைந்த பிறகே ஒவ்வொரு பெயருக்கும் வாய்ப்பாடு, அதாவது நீருக்கு H₂O என்பது போன்ற குறியீட்டு வடிவம். ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், குளோரின் ஆகிய வாயுக்களின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் உண்டு என்று அப்போது ஒருமுறை நினைவூட்டினால் போதும்.

சமன் செய்வது, அதாவது அம்புக்குறியின் இருபக்கமும் ஒவ்வொரு வகை அணுவின் எண்ணிக்கையையும் ஒன்றாக்குவது, கடைசி வேலை. வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறாது என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1789-இல் எழுதியதைத்தான் பிள்ளைகள் அங்கே தாளில் காட்டுகிறார்கள். இதில் ஒரு தவறு எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வினையில் ஆக்சிஜன் எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்று, நீரின் வாய்ப்பாட்டிலேயே ஆக்சிஜனுக்கு ஒரு 2 சேர்த்துவிடுகிறார்கள். எண்ணிக்கை சரியாகிவிடும்; பொருளோ ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும்! வாய்ப்பாட்டுக்குள் இருக்கும் எண்ணைத் தொடவே கூடாது. முன்னால் போடும் எண்ணை மட்டுமே மாற்றலாம்: 2 ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் 1 ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து 2 நீர் மூலக்கூறுகள்.

சமன்பாடுகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். கேள்வியின் நடை சற்று மாறினாலும் மனப்பாடம் கைவிட்டுவிடுகிறது. அதைத்தான் இந்த விடைத்தாள்களில் பார்த்தோம்.

வரும் புதன்கிழமை முதல், பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் ஆய்வகம் திறந்திருக்கும். ஆசிரியர் வினையைச் செய்து காட்டுவார். பிள்ளைகள் கண்டதை முதலில் சொந்த வாக்கியத்தில் எழுதி, பிறகு சமன்பாடாக்குவார்கள். அனுப்ப விரும்புவோர் பிள்ளையின் நாட்குறிப்பில் கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்