டைம் ஆபீஸ் ரிஜிஸ்டர்களை எடைக்குப் போடாதீர்கள்

காவிரி டெல்டாவில் மூடிக்கிடக்கும் ஒரு சர்க்கரை ஆலையின் நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

ஆலை வளாகத்தில் மிச்சமிருக்கும் கட்டடங்களை இடித்து இடத்தைச் சுத்தம் செய்யப்போகிறீர்கள் என்ற செய்தி காலனி முழுக்கப் பரவிவிட்டது. பாய்லரும் ரோலர்களும் ஏற்கெனவே இரும்பு விலைக்குப் போய்விட்டன. அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. சொத்து உங்களுடையது, கடனும் உங்களுடையது. தொழிலாளர் சேர்க்கையையும் வருகையையும் பதிந்த டைம் ஆபீஸின் உள்ளறையில் இரும்பு ராக்குகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றனவே, அந்தப் பழைய ரிஜிஸ்டர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். பழைய பேப்பர் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து கிலோவுக்கு விலை பேசிவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். அந்த விற்பனையை நிறுத்துங்கள். அவற்றை ஒரு பொது நூலகத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ ஒப்படையுங்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றைப் புரட்டிப் பார்க்க வழிசெய்யுங்கள்.

ஆலையின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. யார்மீதும் குற்றப்பத்திரிகை வாசிப்பது என் நோக்கமல்ல. டெல்டாவில் இதே நிலையில் பூட்டிக்கிடக்கும் வேறு ஆலைகளின் பொறுப்பாளர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாக எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சி.

எங்கள் ஊர் எப்படி உண்டானது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வயலுக்கு நடுவே ஆலை வந்தது. ஆலையைச் சுற்றி ஊர் வந்தது. பள்ளிக்கூடம், டிஸ்பென்சரி, கூட்டுறவுப் பண்டகசாலை, மாரியம்மன் கோயில் எல்லாமே ஆலை கட்டியவை. காலனிக் குடும்பம் எதற்கும் அது பூர்வீக ஊர் இல்லை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்களும், வேதாரண்யத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்களும், கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து வந்தவர்களும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். இங்கே பிறந்த பிள்ளையிடம் எந்த ஊர் என்று கேட்டால் ஆலையின் பெயரைச் சொல்லும். தாத்தாவுக்கு எந்த ஊர் என்று கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மாவுக்கும் பல வீடுகளில் தெரியாது.

டெல்டாவில் நிலம் உள்ள குடும்பம் முன்னோரைத் தேடப் புறப்பட்டால் கைகாட்டிகளுக்குக் குறைவில்லை. ‘அ’ பதிவேடு இருக்கிறது, சிட்டா இருக்கிறது, பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய கிரயப் பத்திரங்கள் இருக்கின்றன. இன்னும் பின்னே போக வேண்டுமென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நிலவரி நிர்ணயத்துக்காக எழுதிய செட்டில்மென்ட் பதிவேடுகள் இருக்கின்றன. பாகப்பிரிவினை வழக்கு நடந்திருந்தால் தீர்ப்பிலேயே வம்சாவளி வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கோயிலுக்கு நிலம் எழுதிவைத்த குடும்பத்துக்குக் கல்வெட்டுகூட இருக்கலாம்.

அந்த நிலத்தில் நாற்றுப் பறித்தவருக்கு என்ன இருக்கிறது? தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது. அதுவரை பண்ணையாள் என்பவர் மிராசுதார் வீட்டு நெல் கணக்கில் ஓர் ஆள். 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தபோது குத்தகைக்காரர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்களின் பெயர்கள் அப்போதும் ஏறவில்லை. குடிசை போட்டிருந்த மனைக்கே 1971-இன் குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் உரிமை கிடைத்தது. அதற்கு முந்தைய கிராமக் கணக்குகளில் அவர்கள் பெயரைத் தேடிப் பயனில்லை. கணக்கு நிலத்துக்கு எழுதப்பட்டது. நிலம் இல்லாதவருக்குக் கணக்கும் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் ஆலை வேலைக்குச் சேர்ந்த நாளில்தான் அவர் பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், வயது நான்கும் ஒரே வரியில் மையால் எழுதப்பட்டன. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஒரு வரிதான் எழுத்தில் இருக்கும் முதல் சாட்சி. அது எங்கே இருக்கிறது? உங்கள் டைம் ஆபீஸ் ராக்கில்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டைம் ஆபீஸின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்தெறிந்தபோது, நனைந்த ரிஜிஸ்டர்களை வராந்தாவில் பரப்பிக் காயவைத்தவர் ஓய்வுபெற்ற டைம் கீப்பர் ஒருவர். யாரும் அவரை ஏவவில்லை, சம்பளமும் கொடுக்கவில்லை. பிறகு அவருடைய உதவியால் என் தாத்தாவின் பக்கத்தைப் பார்த்தேன். அறுபதுகளில் எழுதப்பட்ட பக்கம். ஓரத்தில் ராமபாணப் பூச்சி அரித்த துளைகள். சிவப்பு மையில் போட்ட கட்டங்கள். ‘இதற்கு முன் பார்த்த வேலை’ என்ற கட்டத்தில் ‘பண்ணை’ என்று ஒரே சொல். வயதுக்கு நேரே ‘சுமார் 25’. கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை. ரேகையின் நடுவே குறுக்காக மை ஒட்டாத ஒரு கோடு. அறுவடையில் கதிரைக் கொத்தாகப் பிடிக்கும் இடது கையில்தான் கருக்கரிவாள் படும். அந்தத் தழும்பு இருந்ததை என் பாட்டி ஒரே நொடியில் உறுதிசெய்தார்.

தகப்பனார் பெயர்க் கட்டத்தில் இருந்த பெயரை எங்கள் வீட்டில் யாரும் அதற்குமுன் கேட்டதே இல்லை. தாத்தா இறந்தபோது என் அப்பா சிறு பையன். ஆடி அமாவாசையில் ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார்கள். அப்பா ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்வார். இப்போது இரண்டு பெயர்களைச் சொல்கிறார்.

பெயர் மட்டும் கிடைத்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்துதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் மாரிமுத்து மகன் கோவிந்தன், கோவிந்தன் மகன் மாரிமுத்து என்று ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும். ஒரு கிராமத்தில் நான்கு மாரிமுத்து இருப்பார்கள். அதனால்தான் ‘சொந்த ஊர்’ என்ற கட்டம் அத்தனை முக்கியம். என் தாத்தாவின் வரியில் அங்கே தாலுகா பெயரோ பெரிய ஊரின் பெயரோ இல்லை, ஒரு குக்கிராமத்தின் பெயர் இருந்தது. எங்கள் குலதெய்வம் வீரனார் என்பது தெரியும், கோயில் எந்த ஊரில் என்பது மறந்துபோயிருந்தது. அந்தக் குக்கிராமத்தில் போய் விசாரித்தபோது வீரனாருக்குப் படையல் போடும் பங்காளி வகையறா எது என்று அங்கிருந்த பெரியவர்கள் உடனே காட்டினார்கள். பெயர், ஊர், குலதெய்வம் மூன்றும் பொருந்திய பிறகுதான் நிச்சயமானது. இந்த மூன்றில் இரண்டை உங்கள் ரிஜிஸ்டர் கொடுத்தது.

கடல் கடந்து போனவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள டர்பனில் நங்கூரமிட்டது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றிக் கப்பல் வாரியாகப் பதிவேடு எழுதினார்கள். எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, மாவட்டம், கிராமம் எல்லாம் அதில் உண்டு. இன்று தென்னாப்பிரிக்காவில் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களைத் தேடி வருகிறார்கள். காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளுக்குப் போனவர்களின் சந்ததிகளுக்கும் இப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு காகிதம் இருக்கிறது. அவர்களை ஆளாகப் பதிந்தவர்கள் அன்பினால் பதியவில்லை, வேலை வாங்கப் பதிந்தார்கள். ஆனாலும் பதிவு நின்றது. கரும்புக்காகக் கடல் தாண்டியவரின் கொள்ளுப்பேரன் தன் கிராமத்தைக் கண்டுபிடித்துவிடுகிறான். கரும்புக்காக இரண்டு தாலுகா தள்ளி வந்தவரின் பேத்திக்கு வழி இல்லாமல் போவது எப்படி நியாயம்?

சேர்க்கைப் பதிவேடு மட்டுமல்ல, வேறு சிலவும் அந்த அறையில் இருக்கின்றன. குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் புத்தகம் இருக்கிறது. யார் எந்த வரிசையில் எந்த ஆண்டு குடிவந்தார்கள், யாருக்குப் பின் யார் என்பது அதில் தெரியும். விபத்துப் பதிவேடு இருக்கிறது. என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரியவை வருங்கால வைப்பு நிதிக்கான வாரிசு நியமனப் படிவங்கள். ஆலையின் மற்ற எல்லாக் காகிதங்களும் ஆண்களின் பெயர்களால் நிரம்பியவை. நியமனப் படிவத்தில்தான் மனைவி பெயர், தாய் பெயர், மகள் பெயர், அவரவர் வயது எல்லாம் வருகின்றன. ‘இன்னார் சம்சாரம்’ என்றே ஊரில் அழைக்கப்பட்டு, அப்படியே போய்ச் சேர்ந்த பெண்ணின் சொந்தப் பெயர் அந்த ஒரு படிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பங்காளிகளைச் சொல்ல நூறு பேர் இருப்பார்கள். பாட்டியின் பிறந்த வீட்டுப் பக்கத்தைத் தேடுகிறவருக்கு இதைவிட்டால் நாதியில்லை.

உங்கள் ரிஜிஸ்டர்களில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு முழுப் பக்கம் கிடைத்தது. சீசன் தொழிலாளிக்கு அரவைப் பருவத்து மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பட்டியலில், ஒரு வரி கிடைத்தது. ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, வாய்க்கால் கரைக் குடிசையிலிருந்து வந்து கரும்பு வண்டிகள் நிற்கும் கேன் யார்டைப் பெருக்கிய பெண்களுக்கு அதுவும் இல்லை. கரும்பு வெட்டும் ஆட்கள் மேஸ்திரியின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கையாக மட்டும் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்பணம் கொடுத்த மேஸ்திரிகளின் கைநோட்டுகள் சில குடும்பங்களில் இன்னும் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கக்கூடும். நீங்கள் ரிஜிஸ்டர்களைக் கொடுத்தால் அவற்றையும் கேட்டு வாங்கி ஒரே இடத்தில் சேர்ப்பது எங்கள் வேலை.

முன்னோரைத் தேடுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 1971-இன் குடும்ப ஓய்வூதியத் திட்டத்திலும் 1995-இன் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலும் உரிமை இருந்தும், வேலை பார்த்த காலத்தைக் காட்ட முடியாமல் திரும்பி வந்த விதவைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே காகிதங்கள்தான் வேண்டும்.

உங்கள் தரப்புத் தயக்கங்களும் எனக்குப் புரிகின்றன. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருந்தால் போதும். அதற்குப் பிறகு இவற்றைக் கட்டிக்காக்க உங்களைச் சட்டம் வற்புறுத்தப்போவதில்லை. 1993-இன் பொது ஆவணச் சட்டமும் தனியார் ஆலைக்குப் பொருந்தாது. ஆகவே இது உரிமைக் கோரிக்கை அல்ல. உங்கள் மனத்தை நம்பிக் கேட்கிறேன்.

அடுத்தது, அந்தரங்கம். ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகள், டிஸ்பென்சரி நோட்டுகள், கடன் பிடித்தக் கணக்குகள் ஆகியவற்றைத் தனியே கட்டி முத்திரை வைத்து ஒப்படையுங்கள். யாருடைய தாத்தா எதற்காக சஸ்பெண்ட் ஆனார் என்பதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சில பழைய பதிவேடுகளில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை மறைத்துத்தான் நகல் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதிலிருந்து தப்பிப்பதற்காகவே ஆலைக்கு வந்தவர்கள் எங்களில் பலர். தன் குடும்பத்து வரியை முழுதாகப் பார்க்க விரும்புகிறவர் நேரில் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கே ஒப்படைப்பது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. டாடா குழுமம் புனேயிலும் கோத்ரேஜ் மும்பையிலும் தங்கள் ஆவணங்களுக்கென்று தனிக் காப்பகமே நடத்துகின்றன. உங்களிடம் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்கத் தெரிந்த தமிழ்ப் பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் இருக்கிறது. அச்சுப் பிரதிகளையும் காகிதங்களையும் நுண்படமாக்கும் அனுபவம் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு உண்டு. மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கு நீங்கள் ஒரு பக்கக் கடிதம் எழுதினால் போதும், மற்ற அலைச்சலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

காலனியில் இருந்து சிதறிப்போன குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆலைக்குள் குடும்பத்தோடு போக முடிந்த ஒரே நாள் ஆயுத பூஜை. அன்று ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ யார் வீட்டிலாவது மாட்டியிருந்தால், கீழே அட்டையில் பெயர்கள் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். அச்சிடாத படமாக இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே யார் யார் என்று கேட்டுப் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள்.

நிர்வாகத்தினரே, இடிப்பு ஒப்பந்ததாரர் பொங்கலுக்குப் பிறகு வருவார் என்கிறார்கள். அதற்கு முன் ஒரு வாரம் டைம் ஆபீஸ் சாவியை உங்கள் பாதுகாவலர் முன்னிலையிலேயே எங்களிடம் கொடுங்கள். எந்தக் கட்டு எந்த ஆண்டு, எது சேர்க்கை, எது மஸ்டர் என்று பிரித்துச் சொல்ல ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் ஊழியர்கள் வரத் தயாராக இருக்கிறார்கள். எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு புத்தகத்துக்கும் பட்டியல் எழுதி உங்கள் கையொப்பமும் எங்கள் கையொப்பமும் வாங்கிக்கொள்வோம். அட்டைப் பெட்டிகளும் லாரி வாடகையும் எங்கள் செலவு. பழைய பேப்பர் வியாபாரி பேசிய விலை எதுவானாலும் அதையும் கட்டிவிடுகிறோம்.

பதிலை எதிர்பார்த்து,

ஆலைக் காலனித் தெற்குத் தெருவில் பிறந்து வளர்ந்த,
பாய்லர் ஹவுஸ் தொழிலாளி ஒருவரின் பேத்தி