முதல் புள்ளிக்குப் போராடும் காரைக்குடிப் பையன்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் தொழில்முறை டென்னிஸுக்குள் நுழையப் பாடுபடுகிறான். விடியற்காலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்குக் கிளம்புவான். மடியில் மட்டைப் பை, மட்டைப் பிடியில் வியர்வையில் கறுத்த டேப். மொத்தப் பரிசுத்தொகை 15,000 டாலர் கொண்ட கீழ்மட்டத் தொழில்முறைப் போட்டியில் தகுதிச் சுற்றைத் தாண்டி, பிரதான சுற்றிலும் ஓர் ஆட்டம் வென்றால்தான் ஒரே ஒரு ஏடிபி புள்ளி, அதாவது உலகத் தரவரிசைக்கான புள்ளி. தோற்றால் வந்துபோன செலவுக்கே கடன். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் சாம்பியனான சோம்தேவ் தேவ்வர்மனே 2009இல் வைல்டு கார்டு எனும் நேரடி அனுமதி கிடைத்துத்தான் சென்னை ஓபன் இறுதியாட்டம் வரை போனார்!

மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் கொடுத்த வள்ளல் அழகப்பரின் ஊர் இது. நகரத்தார் பெரியவர்கள் இவனுடைய ஓராண்டுப் பயணச் செலவை ஏற்கக் கூடாதா? அப்புறம், இரவு விளக்குள்ள பொது டென்னிஸ் திடல் ஒன்றை மாநகராட்சி அமைத்துத் தர வேண்டும்.

– வாசகர், காரைக்குடி