பொம்மை இருக்கட்டும், தெர்மாமீட்டர் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல நம்ம சங்கத்து ஆளுங்க கேன்சர் வார்டு பிள்ளைங்களுக்கு பஞ்சு பொம்மையும் கேக்கும் குடுக்கற போட்டோ பாத்தேன். நல்ல மனசுதான், குத்தம் சொல்ல வரல. ஆனா அவங்க கெளம்பின கையோட நர்ஸ் சயாமா (இங்க பர்மால நர்ஸம்மாவ அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த பொம்மைய எல்லாம் ஒரு பையில கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னு அம்மாக்காரிங்ககிட்ட குடுத்திருப்பாங்க, தூசியும் கிருமியும் அதுலதானே போய் ஒக்காரும். எனக்கு எப்படி தெரியும்னா அந்த மாதிரி ஒரு வார்டுலதான் நானும் என் தங்கச்சியும் அவ பையனோட மாத்தி மாத்தி எட்டு மாசம் கெடந்தோம்.

பையனுக்கு 6 வயசு, ரத்தப் புத்துநோய். எங்க ஊரு பெகு, ரங்கூனுக்கு 50 மைல். கீமோன்னா முடி கொட்டும்னு மட்டும்தான் எங்களுக்கு தெரியும், அதுக்குத்தான் என் தங்கச்சி அழுதா. சயாமா உக்கார வெச்சு சொன்னது வேற. மருந்து ஏறி ஒரு வாரம் பத்து நாள்ல ரத்தத்துல கிருமிய எதுக்கற வெள்ளை அணு அடிமட்டத்துக்கு எறங்கிடும், அப்ப கிருமி உள்ள போனாக்கூட புண்ணு சீழ் பிடிக்காது, சரியா செவக்காது, ஏன்னா சீழ் பிடிக்கவே வெள்ளை அணு வேணுமாம், காய்ச்சல் ஒண்ணுதான் காட்டிக் குடுக்கும், அதனால 38 டிகிரி ஒரு மணி நேரம் நின்னாலோ ஒரே தடவ 38.3 காட்டினாலோ உடனே வந்துடணும், பாராசிட்டமால் குடுத்துப் பாத்துட்டு வரேன்னு இருக்கக்கூடாதுன்னாங்க. வந்து சேந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஏறிடணும், அதுதான் கணக்கு.

நாங்க இருந்துட்டோமே. பர்மா புத்தாண்டு தண்ணித் திருநாள் ரெண்டாம் நாள் ராத்திரி, 38.4. ரோடு எல்லாம் தண்ணி ஊத்தற மேடை, டாக்ஸிக்காரன் ஒருத்தனும் வரல, பக்கத்து கிளினிக்ல காய்ச்சல் மருந்து குடுத்து காலைல பாத்துக்கலாம்னு சொன்னாங்க, நாங்களும் நம்பிட்டோம். ரங்கூன் போய் சேரும்போது 9 மணி நேரம் போயிருந்துச்சு, பையன் கை காலெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு, கூப்பிட்டா கண்ண மட்டும் தொறந்து மூடறான். டியூட்டி சயாமா அவன் கைய தொட்டுப் பாத்தாங்க, நகத்த அமுக்கி விட்டுப் பாத்தாங்க, ஒரு சத்தம்தான் போட்டாங்க, டாக்டர் ஓடி வந்தாரு. ரத்தம் எடுத்து, மருந்து ஏத்தி, விடிய விடிய கால் மணிக்கு ஒரு தடவ நாடி பிடிச்சு, ஒண்ணுக்கு போறத அளந்து எழுதி. பொழச்சான். டாக்டருக்கும் கும்பிடு போடறேன், ஆனா ராத்திரி பூரா அவன் பக்கத்துலயே நின்னது அந்த பொண்ணுதான்.

அவங்ககிட்ட நாங்க படிச்சது கொஞ்சமில்ல. வாய் பூரா புண்ணா போய் எச்சி முழுங்க மாட்டான், ஆற வெச்ச தண்ணில உப்பும் சோடா உப்பும் போட்டு கொப்புளிக்க வெச்சு, குட்டி மெத்து பிரஷ்ல பல்ல தொடச்சு விட கத்துக் குடுத்தாங்க. வின்கிரிஸ்டின்னு ஒரு மருந்து, அது போட்டா மலம் கட்டிக்கும், எங்க அம்மா ஊரு பழக்கத்துல வெத்தலக் காம்புல வெளக்கெண்ண தடவி எடுத்துட்டு வந்துட்டாங்க, சயாமா பதறிட்டாங்க, பின்னாடி எதையும் வெக்கவே கூடாது, துளி கீறினாலும் கிருமி நேரா ரத்தத்துக்கு போயிடும்னு. தெர்மாமீட்டர கூட அங்க வெக்கக்கூடாதாம், அக்குள்லதான் வெக்கணும்.

அப்பறம் அவங்கள எலும்பு வார்டுக்கு மாத்திட்டாங்க. புதுசா வந்த பொண்ணு மேல கோவம் இல்ல, ராத்திரில அதுக்கு இருபது பிள்ளைக்கு மேல. ஆனா பழைய சயாமா கீமோ ஏறும்போது நிமிஷத்துக்கு ஒரு தடவ எரியுதாடா எரியுதாடான்னு பையன கேட்டுட்டே ஊசி போட்ட எடத்த தொட்டுப் பாப்பாங்க, வீங்கினா அந்த நொடியே மருந்த நிறுத்தணும், ஆனா ஊசிய சட்டுனு புடுங்கக்கூடாது, உள்ள தேங்கினத அது வழியாவே திரும்ப உறிஞ்சி எடுத்துப் பாக்கணும். இது அந்த புது பொண்ணுக்கு யாரும் சொல்லித் தரல. பையன் அழுதான், சும்மா அழறான்னு நெனச்சுட்டாங்க, மருந்து வெளிய கசிஞ்சு தோலு வெந்து போச்சு. இன்னிக்கும் அந்த கைல தழும்பு.

இத எழுதக் காரணமே இதுதான். சியோப்னு குழந்தைக் கேன்சருக்கான உலகச் சங்கம் ஒண்ணு இருக்கு, வசதி கொறஞ்ச நாடுங்களுக்குன்னே 2014ல அவங்க சொன்ன அளவுல அஞ்சு பிள்ளைக்கு ஒரு நர்ஸ், பழகின நர்ஸ வேற வார்டுக்கு மாத்தாதீங்கன்னு இருக்கு. பணக்கார நாடுங்கள்ல இந்த பிள்ளைங்க 100க்கு 80 பேருக்கு மேல பொழைக்கறாங்க, அந்த மருந்துல பாதி இங்கயும் இருக்கே, அப்ப பாத்துக்கற கையிலயும்தானே வித்தியாசம் இருக்கு? சங்கத்துல பெரியவங்க நாலு பேர் போய் மேலிடத்துல இத பேசினா கேப்பாங்க, நான் பேசினா யாரு கேக்கறா.

சங்கம் காசு செலவு பண்ணணும்னா கீமோ பிள்ளைங்க வீட்டுக்கு ஆளுக்கொரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் குடுங்க, ஆஸ்பத்திரி பக்கத்துல ரெண்டு ரூம் எடுத்துப் போடுங்க, எங்கள மாதிரி வெளியூர்க்காரங்க வெள்ளை அணு எறங்கற அந்த பத்து நாள் தங்கிக்கட்டும். ரத்த தானமும் தைப்பூசத்தன்னிக்கு நூறு பேர் ஒரே நாள்ல குடுத்தா பத்தாது, ரத்தத்த உறைய வெக்கற பிளேட்லெட் அணு எடுத்து வெச்சா அஞ்சு நாளுக்கு மேல தாங்காது, வாரத்துக்கு ரெண்டு பேரா பிரிச்சு வருஷம் பூரா வாங்க.

பையன் இப்ப தெனமும் ராத்திரி மாத்திரை, நல்லாருக்கான், ஜூன் மாசம் ஸ்கூலுக்கு போறான். ஒண்ணே ஒண்ணு, நம்ம தெருவுல எந்தப் பிள்ளைக்காவது அம்மை போட்டிருந்தா வாசல்ல வேப்பிலைய கட்டிட்டு சும்மா இருந்துடாம, இந்த மாதிரி பிள்ளை இருக்கற வீட்டுக்கு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, அன்னிக்கே தெரிஞ்சா குடுக்க மருந்து இருக்காம்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா, பெகு