டிக்கெட்டை மூணு நாள் தள்ளிப் போடு

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து நான் காலண்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், உங்கப்பா பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். 2026 ஜனவரி 2 வந்து இறங்குவது, மறுநாள் சனிக்கிழமையே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போய் நட்சத்திரம் காட்டுவது, பொங்கல் முடிந்து 17ஆம் தேதி காலை சிங்கப்பூருக்குக் கிளம்புவது என்று எல்லாவற்றையும் அழகாகப் போட்டிருக்கிறாய். ஆனால் 3ஆம் தேதி பௌர்ணமி. மார்கழித் திருவாதிரையும் அன்றைக்குத்தான். களி சாப்பிட நல்ல நாள், மலைக்குப் போக மோசமான நாள். அவ்வளவு நிலா வெளிச்சத்தில் மலையில் தெரிவதைவிடச் சும்மா நம் மொட்டை மாடியே போதும், பெட்ரோல் செலவு மிச்சம்.

தை அமாவாசை 18, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின ராத்திரி, அதாவது காணும் பொங்கலன்று நாம் ஜவ்வாது மலையில் வானாய்வகம் இருக்கிற காவலூர்ப் பக்கம் இருந்தால் விடியும் வரைக்கும் நிலாத் தொல்லை கிடையாது. அதனால் டிக்கெட்டை 20ஆம் தேதிக்கு மாற்று. லீவு கிடைக்காது என்று சொல்லாதே. அடுத்த வருஷம் பிள்ளை ஒன்றாம் வகுப்பு போய்விட்டால் உங்கள் ஊரில் ஜனவரி பிறந்ததுமே பள்ளிக்கூடம் தொடங்கிவிடும், அப்புறம் பொங்கலுக்கு வருவது என்பதே கனவுதான். அப்பா தர்ப்பணத்தை ஆலங்காயத்திலேயே கொடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், அவரைக் காரணம் காட்டவும் வழியில்லை.

மாப்பிள்ளை ஹான்லே போகலாமே என்றாராம். லடாக்கில் இருக்கிறதே, 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள், அந்த இடம். நல்ல இடம்தான், யார் இல்லை என்றார்கள்? அங்கே ஆய்வகம் இருக்கிற மலை 4,500 மீட்டர் உயரம், பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும், ஜனவரிக் குளிரில் ஐந்து வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் வேண்டாம். காவலூர் என்ன குறைச்சல்? வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு 1960களில் தேடித் தேடிப் பிடித்த இடம் அது. பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருப்பதால் வடக்கு வானத்தோடு தெற்கு வானமும் நிறையக் கிடைக்கும். 1977இல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டென்று தெரியவந்ததே, அந்தச் சமயத்தில் அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியிலும் அதைப் பதிவு செய்தார்கள். பாப்பு பெயரில் இருக்கிற 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் வந்தது. இதை மாப்பிள்ளையிடம் நீயே சொல், நான் சொன்னால் வாதாடுகிற மாதிரி இருக்கும். ஆய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவார்கள், பண்டிகை நாளில் உண்டா என்று அப்பா விசாரிக்கிறார். விட்டால் சனிக் கிரகத்தைக் காட்டச் சொல்லலாம், ஆனால் பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை, படத்தில் பார்க்கிற மாதிரி பெரிய வளையம் இருக்காது. இப்போது வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பியிருக்கிறது, மெல்லிய கோடுதான் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி.

விடவில்லை என்றாலும் குறையில்லை. சித்தப்பா வீட்டுக்கு மேலே சாமை அடிக்கிற களம் இருக்கிறதே, 1997இல் ஹேல்-பாப் வால்நட்சத்திரம் பார்க்க உன்னைக் கூட்டிப்போனோமே (மலை பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு அங்கே போனதும் பசிக்குது என்றாய்), அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். தெற்கே பார்த்துப் படுக்கவேண்டும். வடக்கிலும் மேற்கிலும் ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் வெளிச்சம் அடிவானத்தில் ஏறி நிற்கிறது, எல்.இ.டி. விளக்கு போட்ட பிறகு ரொம்ப மோசம். அந்த வெள்ளை வெளிச்சத்தில் நீலம் அதிகம், காற்றில் நன்றாகச் சிதறும். மஞ்சள் விளக்குக் காலத்தில் இவ்வளவு இல்லை.

டெலஸ்கோப் எதுவும் வாங்கி வராதே. ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் பார்க்கவே வராது. அப்பாவின் பழைய பைனாகுலர் போதும், காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனுக்குப் பக்கத்தில் நிலாக்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஜனவரியில் வியாழன் ராத்திரி முழுக்க இருக்கும், புனர்பூசத்துக்குக் கிட்டே. போனை மட்டும் எல்லாரும் காருக்குள் வைத்துவிட வேண்டும், உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும், ஒரு தடவை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றி வைக்கிறேன். சிங்கப்பூரில் கண் முழுசாக இருட்டுக்குப் பழகுகிற அளவுக்கு வானம் இருட்டுவதே இல்லை என்று 2016இல் ஓர் ஆய்வு வந்ததே, அப்படியென்றால் உன் பிள்ளைக்கு அது புது அனுபவமாக இருக்கும், முதலில் பயந்தாலும் பயப்படும், மடியில் வைத்துக்கொள்.

பால்வீதி படத்தில் வருகிற மாதிரி பளிச்சென்று தெரியும் என்று நினைக்காதே. அந்தப் பிரகாசமான பகுதி தனுசுப் பக்கம், ஏப்ரல் மே மாசத்தில் நடுராத்திரிக்கு மேல் வரவேண்டும். ஜனவரியில் மங்கலாக ஒரு பட்டைதான். ஆனால் மற்றதெல்லாம் ஜனவரிக்கு ஈடில்லை. ஏழரை மணிக்கு வடமேற்கில் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி பஞ்சுத் துணுக்கு மாதிரி தெரியும், நேராகப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்க்கச் சொல், 25 லட்சம் ஒளியாண்டு தூரம் என்பதை மாப்பிள்ளை விளக்கட்டும். தலைக்கு மேலே கார்த்திகை, அதை அடுத்து ரோகிணி. கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிறோமே, உன் நட்சத்திரம் அதோ என்று பிள்ளைக்குக் கையை நீட்டிக் காட்டணும் எனக்கு. 65 ஒளியாண்டு. நான் பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பின வெளிச்சம். அதற்குக் கிழக்கே சிவப்பாக உன் திருவாதிரை, 2020 ஆரம்பத்தில் அது மங்கிப்போச்சு என்று நான் கவலைப்பட்டு உனக்கு போன் பண்ணினேன், நீ சிரித்தாய், பிறகு பார்த்தால் அது கக்கின தூசிதான் மறைத்திருக்கிறது என்றார்கள். பதினோரு மணி வாக்கில் தெற்கே அகத்திய நட்சத்திரம் உச்சிக்கு வரும். என் கேட்டையைப் பார்க்கவேண்டும் என்றால் விடியற்காலை மூணு மணிக்கு மேல் முழித்திருக்க வேண்டும், அதை நான் தனியாகவே பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளை எட்டு மணிக்கே தூங்கிவிட்டாலும் எழுப்பாதே. அது என்ன பார்க்கிறதோ பார்க்கட்டும், பரீட்சை மாதிரி அது என்ன இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்காதே.

ஸ்வெட்டர் எடுத்து வா, அங்கே குளிர் நீ மறந்திருப்பாய். குல்லா இங்கே இருக்கிறது. புளிசாதமா தயிர்சாதமா என்று மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல். டிக்கெட் மாற்றினதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடு, பொங்கல் சமயத்தில் வண்டி கிடைப்பது கஷ்டம், டிரைவரிடம் இப்போதே சொல்லி வைக்கணும்.

அம்மா