எலிக்கு இயல்பு, மனிதனுக்கு நோய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கேட்ட பாடப்பிரிவே கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். நான் இப்போதும் புரதங்களில் வரும் மாற்றங்களோடுதான், அதாவது பிறழ்வுகளோடுதான், மல்லுக்கட்டுகிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 'நோய்க்குக் காரணமா என்பது உறுதியில்லை' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள், எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் நான் என்ன சொல்வது, கம்ப்யூட்டரால் இதைத் தீர்த்துவைக்க முடியாதா என்று கேட்டிருந்தாய்.

ஓரளவு முடியும். 2023இல் வந்த ஆல்ஃபாமிஸ்சென்ஸ் என்ற கணினி மாதிரி, மனிதப் புரதங்களில் ஓர் அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் கண்ணி) இன்னொன்றாக மாறக்கூடிய சுமார் 7.1 கோடி பிறழ்வுகளுக்கு, எது எவ்வளவு தீங்கு என்று மதிப்பெண் போட்டது. 32 சதவீதம் நோய் தரக்கூடியவை, 57 சதவீதம் தீங்கற்றவை, மீதி சந்தேகம் என்பது அதன் கணிப்பு. ஒரே புரதம் பல உயிரினங்களில் எப்படி இருக்கிறது, எந்த இடம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறவே இல்லை என்று பார்ப்பதுதான் இதுபோன்ற மாதிரிகளுக்கு அடிப்படை.

ஆனால் ஆல்ஃபா-சைனூக்ளினைப் பார். மூளையில் உள்ள, 140 அமினோ அமிலங்களே கொண்ட சின்னப் புரதம். 53ஆம் இடத்தில் நமக்கு அலனின் என்ற அமினோ அமிலம். அது திரியோனின் என்ற இன்னொன்றாக மாறினால் பார்க்கின்சன் நோய் வரும் என்று 1997இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். சுண்டெலிக்கோ அதே 53ஆம் இடத்தில் பிறவியிலேயே திரியோனின்தான். அதற்கு நோய் வருவதில்லை. எலியின் ஆயுள் குறைவு என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும், அந்தப் புரதத்தில் வேறு சில இடங்களும் நம்முடையதிலிருந்து மாறியிருப்பதை ஒதுக்கிவிட முடியாது. பிறழ்வின் குணம், அதோடு கூட இருக்கும் மற்ற இடங்களைப் பொறுத்தது என்றே எனக்குப் படுகிறது.

வைரஸில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்தில் 498ஆம் இடத்துக் குளூட்டமின் ஆர்ஜினினாக மாறுவதை முதலில் பரவிய வைரஸில் சோதித்தபோது, வைரஸ் உள்ளே நுழையப் பற்றிக்கொள்ளும் நம் செல்லின் ஏசிஇ2 ஏற்பியைப் பிடிக்கும் வலு கொஞ்சம் குறைந்தது. தனியாக மதிப்பெண் போட்டிருந்தால் 'இது தேறாது' என்றுதான் வரும். ஆனால் 501ஆம் இடத்தில் டைரோசின் வந்துவிட்ட பிறகு அதே ஆர்ஜினின் சேர்ந்தால் பிடி பல மடங்கு இறுகுகிறது. 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்தபோது அதில் இரண்டும் இருந்தன. அதன் அமினோ அமில வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டிக்கொண்டு போனால் இதைப் பிடிக்கவே முடியாது.

அதனால் இப்போது என் வேலை முழுக்கப் பிறழ்வு ஜோடிகளில்தான். கணக்கு பயங்கரமாகப் பெருகுகிறது. ஓர் இடத்தில் 19 மாற்றங்கள் சாத்தியம் என்றால், இரண்டு இடங்கள் சேர்ந்து மாற 361 வழிகள். எல்லாவற்றையும் ஆய்வகத்தில் செய்துபார்க்க முடியாது. எதைச் செய்துபார்ப்பது என்று சொல்லும் அளவுக்காவது மாதிரி தேற வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அப்படி ஓர் அறிக்கை வந்தால், சிவப்பில் குறித்த மாற்றத்தோடு நின்றுவிடாதே. அதே மரபணுவில் 'சாதாரணம்' என்று ஒதுக்கிய மாற்றங்களின் பட்டியலையும் ஆய்வகத்திடம் கேட்டு வாங்கிவை. நேரில் வரும்போது சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்