ஆர்வமின்மை என்று எழுதினீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறன்று வந்த டிஜிட்டல் கல்விக் கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். செயலிகள் இத்தனை வந்தும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பில் தேறாததற்கு 'ஆசிரியர்களின் ஆர்வமின்மையே காரணம்' என்று போகிற போக்கில் ஒரு வரி. எழுதிய புண்ணியவான் ஈராசிரியர் பள்ளியில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் இருந்த ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2022-ல், பிள்ளைகளை எழுத்திலும் கணக்கிலும் தேற்ற அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து சொல்லிக்கொடுப்பது நல்ல யோசனைதான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மதிப்பீடு செயலியில். ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் அழைத்துக் கேள்வி கேட்டு, என் சொந்தக் கைபேசியில், என் சொந்த ரீசார்ஜில் பதிந்தேன். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு டேப் வந்ததே 2024-ல்தான். எங்கள் ஊரில் தண்ணீர்த்தொட்டி அடியில்தான் சிக்னல். அங்கே நான் சக்கரம் சுற்றுவதைப் பார்த்து நிற்க, வகுப்பு என்ன பாடுபட்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் தடுமாறிய பிள்ளையை அந்த அரைமணியில் தேற்றியிருப்பேன்.

இதற்கு முன்னால் 2007-ல் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிப்படியாகக் கற்கும் முறை. அட்டை, ஏணிப்படி, தரையில் வட்டம். சரி, அதையும் செய்தோம். ஊரடங்கில் பாடம் கல்வித் தொலைக்காட்சியில் வந்தது. "வீட்ல கேபிள் கட் டீச்சர்" என்றாள் ஒருத்தி. புத்தகத்தில் கியூஆர் கோடு. அப்பா கைபேசியோடு செங்கல் சூளைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். அந்த நாட்களில் தெருத்தெருவாகப் போய்ப் பாடம் சொன்ன எங்களை, வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறோம் என்று எழுதியதும் உங்கள் நாளிதழ்தான். மறுப்பு எழுதி அனுப்பினேன். இடமில்லை போலும்.

இதற்காவது இடமிருந்தால் ஒரு வேண்டுகோள். என் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது உங்கள் சிறுவர் இணைப்பில். இன்றும் வாராவாரம் நான்கு பிரதி வாங்கிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புகிறேன். போன வருடம் விளம்பரத்துக்கு இடம்விட்டு அதன் எழுத்தைப் பொடியாக்கிவிட்டீர்கள். இது யாருடைய ஆர்வமின்மை என்று நான் கேட்கவில்லை. எழுத்தை மட்டும் பழையபடி பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
தருமபுரி மாவட்டம்