ஃப்ரெட் நீக்கும் பணியில் என் பேஸ் கிட்டாருக்கு நேர்ந்த சேதம்: புகாரும் இழப்பீட்டுக் கோரிக்கையும்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இசைக்கருவி பழுதுபார்ப்பு நிறுவனம்.

நாள்: 3.11.2025

பொருள்: ஒப்புக்கொண்ட முறையை மீறி ஃப்ரெட் நீக்கியதால் விரல்பலகை சேதமடைந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என்னுடைய நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் ஃப்ரெட்டுகளை (விரல் வைத்து வாசிக்கும் விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளை) நீக்கி, அதை ஃப்ரெட் இல்லாத பேஸாக மாற்றித் தரும்படி சென்ற ஆகஸ்ட் 12 அன்று தங்கள் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தேன். அதற்காக ரூ.14,500 முன்பணமாகவே செலுத்தினேன். செப்டம்பர் 26 அன்று கருவி திரும்பி வந்தது. வந்த நாளிலிருந்து அதை ஒரு ஆராதனையில்கூட வாசிக்க முடியவில்லை. மூன்று முறை தொலைபேசியில் பேசியும் உரிய பதில் கிடைக்காததால், நடந்தவற்றை முழுமையாக எழுதி அனுப்புகிறேன்.

இந்தக் கருவியை 2003ஆம் ஆண்டு என் முதல் வேலையின் சேமிப்பில் வாங்கினேன். அன்றிலிருந்து கோத்தகிரியில் எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவில் இதைத்தான் வாசித்து வருகிறேன். தமிழ்க் கீர்த்தனைகள் இராகத்தில் அமைந்தவை. பாடுகிறவர்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழைந்து செல்லும்போது, ஃப்ரெட் உள்ள பேஸ் படிக்கட்டில் இறங்குவதுபோல் தனித்தனியாகக் குதித்துக் கொண்டிருக்கும். அந்த இழைவு வேண்டும் என்பதற்காகவே பல ஆண்டுகள் யோசித்து இந்த மாற்றத்துக்குத் துணிந்தேன்.

துணிந்தேன் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுகின்றன. மெழுகை இளக்கி அவற்றை எடுக்கலாம், மீண்டும் மேளம் கட்டலாம். பேஸ் கிட்டாரில் ஃப்ரெட்டுகள் மரத்தை அறுத்த பள்ளத்துக்குள் அடித்து இறக்கப்பட்டவை. அவற்றின் அடிக்காலில் முள் போன்ற பற்கள் மரத்தைக் கவ்வியிருக்கும். எடுக்கும்போது தவறினால் மரமும் கூடவே பெயர்ந்து வரும். இதை அறிந்திருந்ததால்தான், வேலை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதை ஒவ்வொரு கட்டமாக எழுதிக் கொடுத்தேன். தங்கள் நிறுவனமும் அதைப் படித்து, முத்திரையிட்டு ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு ஃப்ரெட்டையும் சால்டரிங் அயர்னால் சூடாக்கிய பிறகே முகம் தட்டையாகத் தேய்க்கப்பட்ட குறடால் மெல்ல எழுப்ப வேண்டும்; பள்ளங்களை அவற்றின் அகலத்துக்குப் பொருந்தும் மேப்பிள் வெனீர் (மெல்லிய மரத்தகடு) துண்டுகளால் அடைக்க வேண்டும்; பலகையின் வளைவுக்கு ஏற்ற கட்டையில் உப்புத்தாள் சுற்றிச் சமன் செய்ய வேண்டும்; நட்டின் (பலகையின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டின்) பள்ளங்களைத் தாழ்த்த வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது, மிக மெல்லிய கம்பியின் பக்கத்தில் விரல்பலகையின் ஓரம் நெடுகச் சிதைந்திருந்த மரம்தான். 20 ஃப்ரெட்டுகளில் 11 இடங்களில் சில்லுகள் பெயர்ந்துள்ளன. ஐந்தாம், ஏழாம் இடங்களில் சில்லு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளத்துக்குப் போயிருக்கிறது. சூடு பட்டால் பள்ளத்திலுள்ள பழைய பசை இளகும், பற்கள் மரத்தை விடும். அப்போதும் ஓரிரு சில்லு எழும்புவது இயல்பு என்பதையும், அவற்றை அங்கேயே உடனடிப் பசையால் ஒட்டிவிடலாம் என்பதையும் நான் அறிவேன். ஆனால் 11 இடங்களில் மரம் போயிருக்கிறது என்றால் குளிர்ந்த நிலையிலேயே பிடுங்கியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். இரண்டாம் முறை நான் பேசியபோது தங்கள் பணியாளரும், அன்று வேலை நெருக்கடியாக இருந்தது என்று அதை மறுக்காமல் சொன்னார். அந்தப் பலகை ஈட்டி மரம். எங்கள் மாவட்டத்தின் கூடலூர்ப் பக்கக் காடுகளிலும் வளரும் மரம் அது. அதன் நெருக்கமான இழையோட்டத்தையும் விலையையும் அறிந்தவர்கள் நாங்கள். பெயர்ந்த சில்லுகளை எடுத்துவைத்து ஒட்டுவதற்குப் பதிலாக எங்கோ வீசிவிட்டு, அந்தக் குழிகளில் மக்கு (மரக் குழிகளை அடைக்கும் பசைபோன்ற கலவை) அப்பியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை பள்ளங்களில் இருக்கிறது. நான் கேட்டது மர வெனீர். அடைக்கப்பட்டிருப்பது அதே மக்கு. இது தோற்றம் சார்ந்த குறை மட்டுமன்று. 20 ஃப்ரெட்டுகளும் பள்ளங்களில் ஆப்புப்போல் இறுகி நின்று, கம்பிகளின் இழுப்புக்கு எதிராக நெக்கை, அதாவது கருவியின் கழுத்தை, தாங்கிக் கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு மென்மையான மக்கை வைத்தால் பள்ளங்கள் நெருங்க இடம் கிடைக்கிறது. கம்பிகள் இழுக்க இழுக்க நெக் முன்பக்கம் வளைகிறது. என் கருவியில் அதுவே நடந்திருக்கிறது. நெக்கின் வளைவைத் திருத்த அதனுள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை இனித் திருப்ப இடமில்லாத அளவுக்கு இறுக்கி அனுப்பியிருக்கிறீர்கள்; இருந்தும் பலகையின் மேல் எஃகு அளவுகோலை வைத்தால் ஃப்ரெட் இருந்த நான்காம் கோட்டுக்கும் ஒன்பதாம் கோட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறது. மக்கு காய்ந்து சுருங்கி, ஒவ்வொரு கோடும் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளமாகவும் மாறிவிட்டது.

ஃப்ரெட் இல்லாத பேஸுக்கு உரிய அந்த நீண்டு மலரும் ஒலி, வாசிப்பவர்கள் ‘ம்வா’ என்று குறிப்பிடும் ஒலி, அதிரும் கம்பி பலகையை மிகத் தாழ்வான கோணத்தில் வருடிச் செல்வதால் பிறப்பது. பலகை சமமாக இருந்தால்தான் அது வரும். என் கருவியில் சில இடங்களில் கம்பி கடகடக்கிறது. ஏழாம் இடத்துக்கு மேல் சுரம் எழுந்தவுடனே அடங்கிவிடுகிறது.

இவற்றுக்குத் தங்கள் தரப்பில் இரண்டு விளக்கங்கள் சொல்லப்பட்டன. புகழ்பெற்ற அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸே தம்முடைய 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸில் மர மக்கைத்தான் பயன்படுத்தினார் என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. படகுகளுக்குப் பூசும் இபாக்சிப் பிசினைப் பலகை முழுவதும் பூசி, அதைக் கண்ணாடிபோல் கடினமாக்கிய பிறகே வாசித்தார். தாங்கள் மக்கை மட்டும் எடுத்துக்கொண்டு இபாக்சியை விட்டுவிட்டீர்கள். நான் கேட்டதும் இல்லை, அவர் செய்ததும் இல்லை என்ற நிலையில் என் கருவி இருக்கிறது. ஆம்பெக் நிறுவனம் 1966லும் ஃபெண்டர் 1970லும் ஃப்ரெட் இல்லாத பேஸ்களை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன. அரை நூற்றாண்டுக்கு மேல் பழகிய ஒரு வேலையில், செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள என் கருவி தேவைப்பட்டிருக்கக் கூடாது.

இரண்டாவது விளக்கம், மலைப்பகுதியின் ஈரத்தில் மரம் நகர்ந்துவிட்டது என்பது. இதை என்னால் ஏற்கவே முடியாது. இதே நெக் 22 ஆண்டுகள் கோத்தகிரியின் மழையையும் மூடுபனியையும் சனவரியின் வறண்ட குளிரையும் தாங்கி நின்றது. ஆண்டுக்கு இருமுறை ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் திருப்புவதே போதுமானதாக இருந்தது. எங்களுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருவது. கருவி வந்து சேர்ந்ததோ அது தொடங்குவதற்கு முன்பு. பெட்டியைப் பிரித்த மணி நேரத்திலேயே எடுத்த படங்களில் எல்லாக் குறைகளும் இருக்கின்றன. மேலும், கருவி எந்த ஊருக்குத் திரும்பப் போகிறது என்பது தாங்கள் ஒட்டிய முகவரியிலேயே இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ரெட்டின் உயரம் போன பின்னும் நட் பழைய உயரத்திலேயே இருப்பதால், முதல் கோட்டில் விரலை வைத்தால் கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. பிரிட்ஜில் கம்பி தாங்கிகளை அடிமட்டம் வரை இறக்கியதில் திருகு முனைகள் மேலே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறுகின்றன. நெக் பொருந்தும் இடத்தில் ஒரு மெல்லிய தகட்டை வைத்திருந்தால் இது நேர்ந்திராது. கருவியோடு நான் அனுப்பிய புதிய, வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பிகள் திரும்பி வரவில்லை. அவற்றுக்குப் பதிலாக மரத்தை அரம்போல் அராவும் வட்டச் சுற்றுக் கம்பிகளைப் பூச்சில்லாத ஈட்டிப் பலகையின் மேல் மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை அன்றே கழற்றிவிட்டேன்.

இந்தப் பலகையை மறுபடியும் தேய்த்துச் சரிசெய்து தருவதாகத் தாங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. சில்லுகள் பெயர்ந்த குழிகளின் அடிமட்டம் வரை தேய்த்தால் பலகை மெலிந்து நெக்கின் வலு போய்விடும். ஆகவே, பழைய பலகையை நீக்கி, 34 அங்குலக் கம்பி நீள அளவுக்கு மேப்பிள் கோடுகள் இட்ட புதிய ஈட்டிப் பலகையைத் தங்கள் செலவில் பொருத்தித் தர வேண்டும். அந்த வேலையை நெக் வேலையில் தேர்ந்த ஒருவர் செய்ய வேண்டும், தொடங்கும் முன் அவர் என்னோடு பேச வேண்டும். அது இயலாதெனில், வேறொரு கிட்டார் செய்பவரிடம் அதைச் செய்துகொள்ள ஆகும் தொகையைத் தர வேண்டும். எதுவாயினும் ரூ.14,500ஐத் திருப்பித் தர வேண்டும். கம்பிகளின் விலையும் இருவழிப் பார்சல் செலவும் சேர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் நீலகிரி மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காக மனு அளிப்பேன். டிசம்பர் ஆராதனைகளுக்கு இரவல் கருவி ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டேன். எனவே அவசரமாக அரைகுறை வேலை செய்து அனுப்ப வேண்டாம். பதிலை மட்டும் தாமதிக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.

இணைப்பு: முத்திரையிட்ட பணி ஆணையின் நகல், பணம் செலுத்திய ரசீது, செப்டம்பர் 26 அன்று எடுத்த 14 படங்கள்.